மீன்வலையில் விழுந்த ஓட்டை: ஆயுதத்தைச் செய்தவரே சோதித்தால் என்ன?

வாசகர் கேள்வி, 1 ஜூன் 2025

அமெரிக்காவில் ஆயுதச் சோதனைகளை மேற்பார்க்கும் தனி அலுவலகத்தில் ஆட்களைப் பாதியாகக் குறைக்கிறார்களாம். எனக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. செய்த கம்பெனிக்கும் வாங்குகிற ராணுவத்துக்கும் தெரியாததா மூன்றாம் ஆளுக்குத் தெரிந்துவிடப் போகிறது? அவர்களே பத்துத் தடவை சோதித்துத்தான் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் இன்னொரு சோதனை என்றால் நேரமும் வீண், பணமும் வீண். இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

1 ஜூன், இரவு

இல்லை என்றுதான் சொல்கிறேன்.

முதலில் செய்தி. மே 28 அன்று வந்த உத்தரவு அது. 94 பேர் இருந்த அலுவலகத்துக்கு இனி 30 சிவிலியன்கள், 15 படைவீரர்கள், மேலே ஒரு மூத்த அதிகாரி. வெளியிலிருந்து வந்த ஒப்பந்த நிபுணர்களும் கிடையாது. 1983-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு உருவாக்கிய அலுவலகம் இது. ஆயுதத்தை வாங்கும் பிரிவுக்குக் கட்டுப்படாமல், பாதுகாப்புச் செயலரிடமும் நாடாளுமன்றத்திடமும் நேரே அறிக்கை கொடுப்பது இதன் வேலை. ஆரம்பத்தில் குறைந்த எண்ணிக்கையில் செய்யும் கட்டத்தைத் தாண்டி ஒரு பெரிய ஆயுதத் திட்டம் முழு உற்பத்திக்குப் போக வேண்டுமானால் இவர்கள் அறிக்கை வந்தாக வேண்டும்.

"பத்துத் தடவை சோதித்துத்தான் கொடுக்கிறார்கள்" என்கிறீர்கள். இரண்டே தடவை சோதித்துக் கொடுத்த ஆயுதம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் மார்க் 14 டார்பிடோ, அதாவது தண்ணீருக்கடியில் ஓடிப்போய்க் கப்பலைத் தகர்க்கும் குண்டு. கப்பலின் காந்தப் புலத்தை உணர்ந்து, முட்டாமலே கப்பலுக்கு அடியில் வெடிக்க வைக்கும் அதன் காந்த வெடிதூண்டியை 1926-ல் பழைய எல்-8 நீர்மூழ்கியின் மேல் சோதித்தார்கள். முதல் டார்பிடோ கப்பலுக்கு அடியில் போனது, வெடிக்கவில்லை. இரண்டாவது வெடித்தது, கப்பல் மூழ்கியது. அதோடு சரி. போர் வரும்வரை நிஜக் கப்பலுக்கு எதிராக நிஜ வெடிமருந்தோடு வேறு சோதனை நடக்கவில்லை.

இரண்டில் ஒன்று. இதை வைத்து அந்த வெடிதூண்டி எத்தனை சதவீதம் வேலை செய்யும் என்று கேட்டால், 95 சதவீத நம்பக அளவில் கணக்கு தரும் பதில்: 1.3 சதவீதத்துக்கும் 98.7 சதவீதத்துக்கும் இடையில் எங்கோ. அதாவது ஒன்றுமே தெரியாது.

2 ஜூன்

ஏன் இரண்டோடு நிறுத்தினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். காசுதான். ஒரு டார்பிடோ சுமார் 10,000 டாலர், அதுவும் பொருளாதார மந்தக் காலத்து டாலர். ஒன்றைக் கூட இழக்க மனமில்லை. அதனால் பயிற்சியில் வெடிமுனைக்குப் பதில் பயிற்சி முனையைப் பொருத்துவார்கள். உள்ளே திரவம் இருக்கும். ஓட்டம் முடிந்ததும் அழுத்தக் காற்று அந்தத் திரவத்தை வெளியே தள்ளிவிடும், டார்பிடோ மேலே மிதந்து வரும், எடுத்துக்கொண்டு போய்த் துடைத்து எண்ணெய் போட்டு அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு விஷயம் கெட்டது. பயிற்சி முனை நிஜ வெடிமுனையைவிட எடை குறைவு. நிஜமான வெடிமுனையோடு டார்பிடோ எந்த ஆழத்தில் ஓடும் என்பதை யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது, பயிற்சி என்றாலே இலக்குக்கு அடியில் போக வைப்பதுதான் வழக்கம். டார்பிடோ இரும்பில் நேராக முட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியாது.

2 ஜூன், கொஞ்சம் கழித்து

ஆழக் கோளாறைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இந்த இழையில் நான் சொல்ல வருவது முழுக்க அதற்குள் இருக்கிறது.

1941 டிசம்பரில் ஜப்பானோடு போர் தொடங்கியதும் நீர்மூழ்கிக் கேப்டன்கள் குறி பார்த்து எய்த டார்பிடோக்கள் கப்பலைத் தொடாமலே போயின. செய்த இடம் ரோட் ஐலண்டில் உள்ள நியூபோர்ட் டார்பிடோ நிலையம். வடிவமைப்பு, உற்பத்தி, சோதனை மூன்றும் அங்கேதான். அங்கிருந்தும் வாஷிங்டனில் இருந்த கடற்படை ஆயுதப் பிரிவிலிருந்தும் வந்த பதில் ஒன்றுதான்: உங்கள் ஆட்களுக்குக் குறி பார்க்கத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவில் இருந்த அமெரிக்க நீர்மூழ்கிகளின் தலைவர் அட்மிரல் லாக்வுட் 1942 ஜூன் 20-ல் ஒரு வேலை செய்தார். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆல்பனி பக்கம் ஃபிரெஞ்ச்மன் பே என்ற விரிகுடா. மீனவர்களிடமிருந்து சுமார் 500 அடி நீள மீன்வலை ஒன்றை வாங்கி அதில் தொங்கவிட்டார்கள். ஸ்கிப்ஜாக் என்ற நீர்மூழ்கி சுமார் 850 கெஜ தூரத்திலிருந்து எய்தது. பயிற்சி முனைக்குள் கால்சியம் குளோரைடு கரைசலை ஊற்றி, நிஜ வெடிமுனையின் எடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆழம் 10 அடி என்று வைத்து எய்த டார்பிடோ வலையை 25 அடியில் கிழித்துக்கொண்டு போனது. அடுத்த நாள் 10 அடி வைத்தது 18 அடியில் கிழித்தது. ஆழமே வேண்டாம், பூஜ்யம் என்று வைத்தது 11 அடியில் போனது.

வாஷிங்டன் ஒத்துக்கொள்ளவில்லை. எடைச் சமநிலை சரியில்லை, இதை வைத்து முடிவுக்கு வர முடியாது என்றது. ஜூலை 18-ல் சாரி என்ற நீர்மூழ்கியை வைத்து மறுபடி எய்தார்கள். சராசரி 11 அடி ஆழம் அதிகம். ஆகஸ்ட் 1-ம் தேதிதான் 10 அடி பிழை உண்டு என்று ஒத்துக்கொண்டார்கள். போர் தொடங்கி எட்டு மாதம் ஆகிவிட்டது.

இப்போது முக்கியமான இடம். நியூபோர்ட்டில் ஆழத்தை அளக்காமல் இல்லை. அளந்தார்கள். டார்பிடோவுக்குள்ளேயே ஆழப் பதிவுக் கருவி ஒன்றை வைத்து, காகிதத்தில் கோடு போடவைத்து அளந்தார்கள். டார்பிடோவின் ஆழக் கட்டுப்பாடு எந்தப் பிழையான அழுத்தத்தைப் படித்ததோ, அதே பிழையான அழுத்தத்தைத்தான் அந்தப் பதிவுக் கருவியும் படித்தது. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. பத்து அடி வைத்தால் பத்து அடி என்று காகிதம் சொன்னது.

மீன்வலைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்று கயிறு போட்டு அளக்கிறோம், அவ்வளவுதான்.

3 ஜூன்

"அழுத்தம் ஏன் பிழையாக இருக்கும்? தண்ணீரின் ஆழம்தானே அழுத்தம்?" என்று ஒரு கேள்வி. நின்றுகொண்டிருக்கும் தண்ணீருக்கு அது சரி. ஓடுகிற பொருளின் மேல் அப்படி இல்லை.

மார்க் 14-ன் வேகம் 46 நாட். வினாடிக்கு 23.7 மீட்டர். அந்த ஓட்டத்தின் வேக அழுத்தத்தைத் தண்ணீர் உயரமாக மாற்றினால் (வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்தால்) சுமார் 28.5 மீட்டர் வரும். ஆழ உணரியின் துளை வால் பக்கத்துக் கூம்பில் இருந்தது. அங்கே ஓட்டத்தால் அழுத்தம் குறைகிறது. வேக அழுத்தத்தில் வெறும் 12 சதவீதம் குறைந்தால் போதும், 3.4 மீட்டர், அதாவது 11 அடி. தான் மேலே இருப்பதாக டார்பிடோ நினைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. இது நான் போட்ட தோராயக் கணக்கு, ஆனால் வலை காட்டிய எண்ணோடு ஒத்துப்போகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரியும். தொட்டியில் நிறுத்தி வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை பூஜ்யம். பாதி வேகத்தில் ஓட்டினால் கால் பங்கு. முழு வேகத்தில் ஓடினால்தான் முழுப் பிழையும் தெரியும். கடைசியில் அந்தத் துளையை நடு உடம்பில், தண்ணீர் தாராளமாக நிரம்பி நிற்கும் அறைக்குள் மாற்றினார்கள்.

3 ஜூன்

ஆழத்தைச் சரி செய்ததும் எல்லாம் சரியானதா? இல்லை. அதுவரை அமுங்கிக் கிடந்த அடுத்த கோளாறு மேலே வந்தது. காந்த வெடிதூண்டி இலக்கை எட்டும் முன்பே வெடிக்க ஆரம்பித்தது. 1943 ஜூன் 24-ல் அட்மிரல் நிமிட்ஸ் அதைத் துண்டிக்கச் சொன்னார். துண்டித்தபின் மூன்றாவது கோளாறு: முட்டியும் வெடிக்கவில்லை.

ஒன்றை ஒன்று மறைத்த மூன்று கோளாறுகள். ஆழமாகப் போனதால் காந்தக் கோளாறு சரியாகத் தெரியவில்லை. காந்தத்தை நம்பியதால் முட்டுக் கோளாறு தெரியவில்லை.

4 ஜூன்

முட்டுக் கோளாறு பற்றிக் கேட்டவருக்கு.

1943 ஜூலை 24, டினோசா நீர்மூழ்கி, கேப்டன் டாஸ்பிட். இலக்கு டோனான் மாரு 3 என்ற மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல். முதலில் சாய்வான கோணத்தில் எய்தவற்றில் இரண்டு வெடித்துக் கப்பல் நின்றுவிட்டது. நின்ற கப்பல். இனி பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது போல, பக்கவாட்டில் நேர் 90 டிகிரியில் போய் நின்றுகொண்டு, ஒவ்வொன்றாக எய்தார். முட்டுகிற சத்தம் கேட்கிறது, வெடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். மொத்தம் 15 எய்து, முட்டியும் வெடிக்காதவை 11. கடைசி ஒன்றை எய்யாமல் வைத்துக்கொண்டு பேர்ல் ஹார்பருக்குக் கொண்டுவந்தார். அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை.

அந்த ஒன்றை எய்யாமல் வைத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கோபத்தில் அதையும் எய்திருந்தால் "அந்தத் தொகுதியே பழுது" என்று சொல்லி முடித்திருப்பார்கள். பழுதில்லாத டார்பிடோதான் வெடிக்கவில்லை என்று உறுதியானதால் வடிவமைப்பையே பார்க்க வேண்டி வந்தது.

ஆகஸ்ட் 31-ல் மஸ்கலஞ்ச் நீர்மூழ்கி ஹவாயின் கஹோவலாவே தீவில் செங்குத்தாகக் கடலில் இறங்கும் பாறைமேல் நிஜ வெடிமுனையோடு எய்தது. மூன்றாவது வெடிக்கவில்லை. வெடிக்காத அந்த வெடிமுனையைக் கடலடியிலிருந்து மேலே எடுத்தார்கள். எவ்வளவு ஆபத்தான வேலை என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே ஃபயரிங் பின் (முட்டியதும் பாய்ந்து வெடியைத் தூண்டும் ஊசி) கிளம்பியிருந்தது, ஆனால் பற்றவைக்கும் கேப்பை அடிக்கிற அளவுக்கு வேகமில்லை.

காரணம்: பின் நகரும் திசை டார்பிடோ போகும் திசைக்குக் குறுக்கே. 46 நாட் வேகத்தில் இரும்பில் நேராக முட்டினால் வரும் அதிர்ச்சி புவியீர்ப்பைப் போலப் பல நூறு மடங்கு. பின்னைத் தாங்கும் வழித்தடத்தின் மேல் அந்த எடை முழுவதும் சாய்கிறது. உராய்வு பிடித்துக்கொள்கிறது. பின் மேலே போக முடியவில்லை. சாய்வாக முட்டினால் அதிர்ச்சி குறைவு, பின் போய் அடிக்கிறது. டினோசாவின் முதல் இரண்டு வெடித்ததும் பிறகு ஒன்றும் வெடிக்காததும் இதனால்தான். எவ்வளவு நேர்த்தியாகக் குறி பார்த்தாரோ அவ்வளவுக்கு வெடிக்காது. குறி பார்க்கத் தெரியவில்லை என்று சொல்லி வந்தவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்.

4 ஜூன், மாலை

கிரேன் சோதனையை விட்டுவிட்டேன். அதன் எளிமைக்காகவே சொல்ல வேண்டும்.

வெடிமருந்து இல்லாத, நிஜ வெடிதூண்டி பொருத்திய முனையை 90 அடி உயரத்துக்குக் கிரேனில் தூக்கி, கீழே போட்டிருக்கும் இரும்புத் தகட்டின் மேல் விட்டார்கள். ஏன் 90 அடி? 27.4 மீட்டரிலிருந்து விழுந்தால் தரையில் வேகம் வினாடிக்கு 23.2 மீட்டர். நாட் கணக்கில் சொன்னால் 45. டார்பிடோவின் வேகம் 46. கடலும் வேண்டாம், நீர்மூழ்கியும் வேண்டாம். தகடு நேராக இருந்தபோது பத்தில் ஏழு வெடிக்கவில்லை. தகட்டை 45 டிகிரி சாய்த்ததும் தோல்வி பாதியாகக் குறைந்தது. உடனே பின்னை எடை குறைந்த உலோகத்தில் கடைந்து போட்டார்கள். 1943 செப்டம்பர் கடைசியில் பார்ப் நீர்மூழ்கி சரிசெய்த பின்களோடு கிளம்பியது.

ஒரு கிரேன், ஒரு தகடு, சில நாள். இதை 1930-களில் யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். பணம் இல்லை என்பதும் இங்கே செல்லாது, கீழே போட்ட முனையில் வெடிமருந்தே கிடையாது.

5 ஜூன்

இதுவரை எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். செய்தவரும் சோதித்தவரும் ஒன்றாக இருந்ததுதான் காரணம் என்பது போல எழுதிவிட்டேன். அது பாதிதான் சரி.

ஜெர்மானியர்களுக்கும் இதே காந்தக் கோளாறு, 1940-ல் நார்வேக் கடலில். அவர்கள் உள்விசாரணை நடத்திப் பொறுப்பானவர்களை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஆனாலும் அவர்களுடைய இன்னொரு ஆழக் கோளாறு 1942 ஜனவரி கடைசியில்தான் பிடிபட்டது. நீர்மூழ்கி வெகுநேரம் அடியில் கிடந்தால் உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். டார்பிடோவின் ஆழக் கட்டுப்பாட்டு அறைக்குள் அந்தக் காற்று கசிந்துவிடும். கசிந்தால் ஆழம் பிசகும். கரையில் சோதிக்கும்போது அறையில் சாதாரணக் காற்றழுத்தம், கோளாறு தெரியவே தெரியாது. கடலடியில் நீர்மூழ்கிக்குள் பல மணி நேரம் கிடந்த டார்பிடோவை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே, ஆள் தனியாக இருந்தால் மட்டும் போதாது. அளவுகோல் தனியாக இருக்க வேண்டும், சூழல் போர்க்களத்துச் சூழலாக இருக்க வேண்டும். ஆள் வேறு, கருவி அதே கம்பெனியின் கருவி என்றால் தனிச் சோதனை என்ற பெயர் மட்டும்தான் மிச்சம்.

6 ஜூன்

"இதெல்லாம் 80 வருஷத்துப் பழங்கதை, இப்போது கம்ப்யூட்டர் காலம்" என்கிறார் ஒருவர். சரி, கம்ப்யூட்டர்.

1991 பிப்ரவரி 25, சவூதியில் தஹ்ரான். அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்புத் தளம், ஈராக் ஏவி வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைப் பின்தொடரவில்லை. ஸ்கட் படைவீரர் தங்குமிடத்தில் விழுந்து 28 அமெரிக்கர்கள் இறந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர் நேரத்தை வினாடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. 0.1 என்பதை இரும எண்ணில் எழுதினால் முடிவில்லாமல் போகும். 24 பிட்டில் வெட்டினால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் 0.000000095 வினாடி பிழை. எட்டு மணி நேரம் ஓடினால் 0.0275 வினாடி, வானத்தில் ராடார் தேடும் இடம் 55 மீட்டர் தள்ளிப்போகும். அது பரவாயில்லை. 20 மணி நேரம் ஓடினால் 137 மீட்டர். அன்றைக்கு அந்தத் தளம் 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியிருந்தது. 0.34 வினாடி, 687 மீட்டர். ஸ்கட் இல்லாத இடத்தில் ராடார் தேடிக்கொண்டிருந்தது.

ஐரோப்பாவில் இடம் மாறி மாறி நின்று, சில மணி நேரம் மட்டும் ஓடும் கருவி என்று நினைத்து வடிவமைத்தது. அந்தச் சில மணி நேரத்துக்குள் சோதித்தால் நூறு தடவை சோதித்தாலும் பாஸ்தான். எட்டு மணி ஓட்டத்திலேயே குறி பிசகுகிறது என்று இஸ்ரேல் தரப்பு இரண்டு வாரம் முன்பே எச்சரித்தது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்தது பிப்ரவரி 26. ஒரு நாள் தாமதம்.

6 ஜூன்

"நூறு தடவை" என்று எழுதியதால் எண்ணிக்கைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தோல்வி கூட இல்லாமல் எத்தனை சோதனை பாஸ் ஆனால் எவ்வளவு நம்பலாம்?

80 சதவீதம் நம்பகம், 80 சதவீத நிச்சயத்தோடு சொல்ல 8 சோதனை.
90 சதவீதம், 90 நிச்சயத்தோடு சொல்ல 22.
95 சதவீதம், 95 நிச்சயத்தோடு சொல்ல 59.

நடுவில் ஒன்று ஃபெயிலானால் 22 என்பது 38 ஆகிவிடும். கம்பெனி விளம்பரத்தில் "ஐந்துக்கு ஐந்து வெற்றி" என்று பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு ஐந்து என்றால் 90 சதவீத நிச்சயத்தோடு சொல்லக்கூடியது 63 சதவீத நம்பகம்தான்.

7 ஜூன்

இரவெல்லாம் யோசித்ததில் மேலே போட்ட கணக்குக்கு ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்த 22 எல்லாம் ஒரே சூழலில் நடந்தால் அந்தச் சூழலுக்கு மட்டும்தான் பதில். மார்க் 14-ஐ 45 டிகிரியிலேயே 22 தடவை முட்டவிட்டிருந்தால் சுமாரான வெடிதூண்டி என்று தோன்றியிருக்கும். 90 டிகிரியில் பத்தில் ஏழு போச்சு. கோணம், வேகம், வெப்பநிலை, எத்தனை மணி நேரம் ஓடியது, யார் இயக்கினார், எல்லாவற்றையும் முன்பே எழுதிவைத்து, ஒவ்வொரு சோதனையையும் வேறு வேறு சேர்க்கையில் நடத்த வேண்டும். எல்லாச் சேர்க்கையும் முடியாது. எதை விடுகிறோம் என்பதைப் பெயர் சொல்லி அறிக்கையில் எழுத வேண்டும்.

7 ஜூன்

அமெரிக்க ராணுவத்தின் பிராட்லி கவச வண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். 1980-களில் விமானப்படை கர்னல் ஜேம்ஸ் பர்ட்டன் கேட்டது ஒன்றே ஒன்று: வண்டிக்குள் நிஜ எரிபொருள், நிஜக் குண்டு எல்லாம் இருக்கும்போது, எதிரி எய்யும் ஆயுதத்தால் அடித்துப் பாருங்கள். ராணுவம் எரிபொருள் தொட்டியில் தண்ணீர் நிரப்பியும், வெடிக்காத போலிக் குண்டுகளை அடுக்கியும் சோதிக்கப் பார்த்தது. தீப்பிடிக்காத வண்டியில் தீ எப்படிப் பரவும் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தச் சண்டையின் விளைவு சட்டமானது. 1986-ல் வந்த அந்தப் பிரிவின்படி, கவச வண்டி, கப்பல், விமானம் போன்றவற்றைப் "போருக்குத் தயாரான நிலையில்" சோதிக்க வேண்டும். அப்படியென்றால் போரில் வண்டிக்குள் இருக்கும் எரியக்கூடிய, வெடிக்கக்கூடிய பொருள் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு இடமே வைக்கவில்லை. பிறகு வந்த பிராட்லி மாடல்களில் உள்ளே சிதறல் தடுப்பு விரிப்பு, கூடுதல் கவசம், குண்டு அடுக்கும் இடத்தில் மாற்றம் எல்லாம் வந்தன.

ராணுவத்தின் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முழு வண்டியை எரித்தால் அந்த ஒரு அடிக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும், வண்டி போய்விடும். தகடு தனி, தொட்டி தனி, குண்டுப் பெட்டி தனி என்று பாகம் பாகமாகச் சோதித்தால் அதே பணத்தில் நிறைய அடி அடிக்கலாம். உண்மைதான். பாகச் சோதனை முதலில், முழு வண்டி கடைசியில் என்பதுதான் சரியான வரிசை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

8 ஜூன்

எம்16 துப்பாக்கியும் இந்த இழையில் வர வேண்டியதுதான். நினைவூட்டியவருக்குச் சுருக்கமாக: ராணுவம் தோட்டாவின் மருந்தை மாற்றியது. புது மருந்தில் துப்பாக்கி நிமிடத்துக்கு 850 என்ற வரம்பைத் தாண்டிச் சுட்டது, ஏற்புச் சோதனையில் தேறவில்லை. அதனால் தொழிற்சாலை பழைய மருந்துத் தோட்டாவை வைத்தே சோதித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். வியட்நாமில் இருந்த பையன்களுக்குப் போனது புது மருந்துத் தோட்டா. கூடவே குழலின் அறைக்குக் குரோம் பூச்சு இல்லை, துடைக்கும் கிட் போதவில்லை. 1967-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோதுதான் இதெல்லாம் வெளியே வந்தது. சோதித்த தோட்டா வேறு, சுட்ட தோட்டா வேறு.

9 ஜூன்

"நம் ஊருக்கு வாருங்கள். சின்ன டிரோன் ஒன்றைத் தனிச் சோதனைக்கு விட்டால் என்னென்ன பார்ப்பார்கள்?" நல்ல கேள்வி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் ஆளில்லா விமானங்களுக்கான பொதுச் சோதனை மையம் வருகிறது, மத்திய அரசின் சோதனை உள்கட்டமைப்புத் திட்டத்தில். அதனால் இது வெறும் பேச்சில்லை.

முதலில் மாதிரி எடுப்பது. கம்பெனி கையில் கொடுக்கும் இரண்டு டிரோனை வாங்கக் கூடாது. அவை தேர்ந்தெடுத்து மெருகேற்றியவை. தயாரித்து அடுக்கிய தொகுதியிலிருந்து வரிசை எண்ணைக் குலுக்கிப் போட்டு நாமே எடுக்க வேண்டும். எடுத்ததும் சீல் வைக்க வேண்டும். மென்பொருள் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சோதனை நடுவில் "சின்ன அப்டேட்" என்று யாராவது கேபிளோடு வந்தால், அதுவரை நடந்தது ஒரு கணக்கு, அதன் பிறகு வேறு கணக்கு.

அடுத்தது அளவுகோல். டிரோன் தானே எழுதும் பதிவை நம்பி நிலைத்தன்மையையோ குறித்துல்லியத்தையோ அளக்கக் கூடாது. நியூபோர்ட் ஆழப் பதிவுக் கருவிதான் அது. டிரோன் மேல் நம்முடைய தனி ஜிபிஎஸ் பதிவி ஒன்று, சில பத்து கிராம்தான் வரும், அந்த எடையைச் சுமையில் கழித்துக்கொள்ளலாம். அதோடு தரையிலிருந்து ஒளிவழி பின்தொடரும் கேமரா. ஜிபிஎஸ் அலைத்தடைச் சோதனையில் நம் ஜிபிஎஸ் பதிவியும் குழம்பும், அப்போது கேமரா மட்டும்தான் சாட்சி. இதை மறந்துவிடுகிறார்கள்.

பறக்கும் நேரம். "45 நிமிடம்" என்று ஸ்பெக் சொன்னால் கேட்க வேண்டியது: எந்தச் சுமையோடு, எந்த உயரத்தில், எந்தக் குளிரில், எத்தனை தடவை சார்ஜ் செய்து வயதான பேட்டரியோடு, இறங்கும்போது எத்தனை சதவீதம் மிச்சம் வைத்து? கடல்மட்டத்தில் பறந்ததை வைத்து லடாக்குக்கு அனுப்ப முடியாது. 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். அதே எடையை நிறுத்திப் பிடிக்க விசிறிக்கு ஏறக்குறைய 29 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். பேட்டரி அதே பேட்டரி. 45 என்பது 35-க்குப் பக்கத்தில் வந்துவிடும், குளிரைக் கணக்கில் சேர்க்கும் முன்பே. குளிர்ந்த லித்தியம் பேட்டரி இன்னும் குறைவாகத்தான் கொடுக்கும். வல்லம் வடகாலில் செய்ய முடிவதை அங்கே செய்யுங்கள், ஆனால் இந்த ஒன்றை மலைமேல் போய்த்தான் செய்ய வேண்டும்.

இயக்குபவர். கம்பெனி பைலட் கையில் ரிமோட் இருக்கக் கூடாது. சாதாரணச் சிப்பாய், கம்பெனி சொன்ன அதே பயிற்சி நாட்கள், கையுறை போட்ட கை, இரவு. கம்பெனி ஆள் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறந்தால் அந்தச் சுற்று செல்லாது.

9 ஜூன், இரவு

கையுறையை ஏதோ ஒப்புக்குச் சொன்னதாக நினைக்க வேண்டாம். கம்பளிக் கையுறையோடு தொடுதிரை வேலை செய்யாது. சிப்பாய் கையுறையைக் கழற்றுவார், மைனஸ் இருபதில் விரல் சில நிமிடத்தில் மரத்துப்போகும். சோதனை மேசையில் இது ஒரு குறையாகக் கூடப் பதிவாகாது.

11 ஜூன்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: "அறிக்கை கையில் வந்தால் முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவீர்கள்?"

"செல்லாத சோதனை" என்று ஒதுக்கிய பட்டியலை. காற்று அதிகம், இலக்கு சரியில்லை, இயக்கியவர் தவறு, தரைக் கருவி பழுது என்று காரணம் போட்டுச் சில சோதனைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். சில நியாயமானவை, சில அப்படி இல்லை. ஒரு கற்பனைக் கணக்கு: 40 எய்தார்கள், 6 செல்லாது என்று ஒதுக்கி, மிச்சம் 34-ல் 32 வெற்றி. 94 சதவீதம் என்று முதல் பக்கத்தில் அச்சாகும். ஒதுக்கிய ஆறையும் தோல்வியாக வைத்தால் 40-ல் 32, வெறும் 80. நிஜம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். இரண்டு எண்ணையும் ஒரே வரியில் போடச் சொல்லிக் கேட்பேன்.

அதோடு, ஒவ்வொன்றையும் ஒதுக்கியது யார், எப்போது என்று பார்ப்பேன். ஒதுக்கும் விதி சோதனைக்கு முன்பே எழுதிக் கையெழுத்தாகியிருக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகு எழுதிய காரணம் என்றால் அந்தச் சுற்றைத் தோல்வியில் சேர்த்துவிடுவேன். 1942-ல் கேப்டன்கள் அனுப்பிய அறிக்கைகளில் "குறி தவறியது" என்று வாஷிங்டனில் ஒதுக்கியது எல்லாம் இந்தப் பட்டியலில் வர வேண்டியவைதான்.